அவசரப் பிரிவு சிஸ்டருக்கு இயற்பியல் ஆசிரியர்கள் எழுதும் நன்றி மடல்

சாலை விபத்தில் கழுத்தில் அடிபட்ட எங்கள் சாரின் கழுத்துக் காலரை இன்று காலை கழற்றிவிட்டார்கள். கையும் காலும் சொன்னபடி கேட்கின்றன. நடந்தது என்னவென்று ஊருக்கே தெரியும், அதைத் திரும்ப எழுத மனசு வரவில்லை. கூட நின்றவர்களுக்கு நன்றி சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

முதலில் அந்த இரவுப் பணி சிஸ்டருக்கு. உங்கள் பெயரைப் பொதுவில் போட உங்களிடம் கேட்கவில்லை, அதனால் எழுதாமல் விடுகிறோம். படித்தால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஆபத்தான நிலையில் வருபவர்களைப் பார்க்கும் சிவப்புப் பகுதியிலிருந்து சி.டி. ஸ்கேன் அறை வரைக்கும் ட்ராலியின் தலைமாட்டிலேயே வந்தீர்கள். கழுத்தில் காலர், தலைக்கு இரண்டு பக்கமும் பிளாக், நெற்றிக்குக் குறுக்கே பட்டை. அப்படிக் கட்டிப் படுக்கவைத்தவருக்குக் கூரையைத் தவிர வேறெதுவும் தெரியாது. நீங்கள் குனிந்து, “சார், இப்போ கெளம்பப் போறோம்” என்றீர்கள். அதற்குப் பிறகுதான் வண்டி நகர்ந்தது. “இடது பக்கம் திரும்பப் போறோம் சார், நீங்க தலையத் திருப்ப வேணாம்.” “லிஃப்ட் வந்திடுச்சு, மெதுவா நிக்கப் போறோம்.” நீளமான வராந்தாவில் ஒரே வேகத்தில் நேராகப் போனபோது நீங்கள் எதுவும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

கிளம்புதல், நிற்றல், திரும்புதல். ஒரு பொருள் தான் இருக்கும் நிலையிலேயே இருக்கப் பார்ப்பதுதான் நிலைமம். ஓய்வில் நிலைமம், இயக்கத்தில் நிலைமம், திசையில் நிலைமம் என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப்போடுகிறோமே, அதே மூன்று இடங்கள். பஸ் கிளம்பினால் பின்னால் சாய்கிறோம், பிரேக் போட்டால் முன்னால் சாய்கிறோம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம். படுத்திருப்பவரின் கழுத்தில் அது என்ன செய்யும் என்பதை அன்றைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தோம். உடம்பை பெல்ட் பிடித்துக்கொள்கிறது. கால் முன்னே போகும் ட்ராலி சட்டென்று கிளம்பினால் தலை பின்தங்கும், கழுத்து இழுபடும். சட்டென்று நின்றால் தலை உடம்பை நோக்கி நகரப் பார்க்கும், கழுத்தெலும்பு அடுக்கு நெரிபடும். காலர் அசைவைக் குறைக்குமே தவிர முழுக்கத் தடுத்துவிடாது.

முன்கூட்டியே சொன்னீர்களே, அதற்கும் காரணம் இருக்கிறது. உள்காதின் சமநிலை உறுப்புக்குச் சீரான திசைவேகம் தெரியாது, முடுக்கம், அதாவது வேகமோ திசையோ மாறுவது மட்டுமே தெரியும். வழியைக் கண்ணால் பார்க்க முடியாதவருக்கு எதிர்பாராமல் ஒரு குலுக்கல் வந்தால் கழுத்துத் தசை தானாக இறுகும், என்ன ஆயிற்று என்று பார்க்கத் தலையும் திரும்பப் பார்க்கும். அடிபட்ட கழுத்துக்கு அந்த ஒரு திருப்பமே ஆபத்து. சொல்லிவிட்டு நகர்த்தினால் அவர் அமைதியாகப் படுத்திருப்பார். மருந்து மாத்திரை எதுவும் இல்லாமல், ஒரு பேச்சிலேயே அதைச் செய்தீர்கள்.

லிஃப்ட் வாசலையும் சொல்ல வேண்டும். சாதாரண நடை வேகம் நொடிக்கு 1.2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வாசல் இடைவெளியில் முன்சக்கரம் இறங்கி முட்டி 0.1 நொடியில் வண்டி நின்றால் எதிர்முடுக்கம் 12 மீ/வி². புவியீர்ப்பு முடுக்கமே 9.8தான். பெரியவர் ஒருவரின் தலை ஏறத்தாழ 5 கிலோ, ஆகவே அந்தக் கணம் தலையை நிறுத்த 60 நியூட்டன் விசை வேண்டும். அதையே 2 நொடி எடுத்து நிறுத்தினால் 0.6 மீ/வி², வெறும் 3 நியூட்டன். தலையும் வேகமும் மாறவில்லை, நிற்க எடுத்துக்கொண்ட நேரம்தான் மாறியது. 2 நொடியில் நிற்க வேண்டுமென்றால் 1.2 மீட்டருக்கு முன்பே வேகத்தைக் குறைக்கத் தொடங்க வேண்டும். நீங்கள் “மெதுவா” என்று சொன்ன இடமும் ஏறக்குறைய அதுதான். பிறகு வண்டியை முழுசாக நிறுத்தி, முன்பக்கத்தைச் சற்றே தூக்கி, இடைவெளியைத் தாண்டவைத்தீர்கள். வராந்தா முனையிலும் அப்படித்தான்: தலைமாடு அதே இடத்தில் இருக்க, கால்மாடு சுற்றி வந்தது. மாற்றிச் செய்திருந்தால் தலைதான் பெரிய வட்டம் போட்டிருக்கும்.

முதுகைப் பார்க்க ஒருக்களித்தபோது தலையைப் பிடித்தவர்தான் ‘ஒன்று, இரண்டு, மூன்று’ எண்ண வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னீர்கள். தலைக்கு ஒருவர், மார்புக்கு ஒருவர், இடுப்புக்கும் காலுக்கும் ஒருவர், முதுகைப் பரிசோதிக்க டாக்டர். எண்ணி முடித்ததும் மூக்கு, தொப்புள் இரண்டும் ஒரே கோட்டில் இருக்க உடம்பு முழுவதும் ஒன்றாகத் திரும்பியது. ஒருவர் அரை நொடி முந்தினாலும் முறுக்கம் கழுத்தில்தான் விழும்.

மற்ற எல்லோருக்கும் சேர்த்து எங்கள் நன்றி. சாலையில் சாரை இழுத்துத் தூக்கி ஆட்டோவில் போடாமல், அசையவிடாமல் பார்த்துக்கொண்டு 108ஐ அழைத்த தம்பிகள். ஒருவர் தாடையையும் பின்கழுத்தையும் தாங்க, இன்னொருவர் பக்கவாட்டில் விரித்து ஹெல்மெட்டை உருவிய 108 மருத்துவ உதவியாளரும் பைலட்டும் (ஆம்புலன்ஸ் ஓட்டுநர்). ட்ராலி தள்ளிய அண்ணன், ஸ்கேன் அறை ஊழியர், ரத்தம் கொடுத்த பழைய மாணவர்கள், டாக்டர்கள். முதல் 48 மணி நேரச் செலவை தமிழக அரசின் ‘நம்மைக் காக்கும் 48’ திட்டம் பார்த்துக்கொண்டது. அந்தத் தம்பிகள் போலீஸ் கேஸ் வருமோ என்று பயந்துகொண்டே நின்றார்களாம். தம்பிகளா, உதவ வந்தவரைச் சிக்கலில் மாட்டிவிடாமல் காக்க 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தில் 134ஏ பிரிவு இருக்கிறது. தைரியமாக இருங்கள்.

சிஸ்டர், நாங்கள் ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். இனி இயக்க விதிகள் பாடத்தை பஸ் உதாரணத்தோடு நிறுத்த மாட்டோம். ஆய்வகத் தள்ளுவண்டியில் வழுக்கும் பலகை போட்டு, அதன்மேல் 5 கிலோ மணல் மூட்டை வைத்து, மூட்டையின் பின்புறத்தைச் சுருள்வில் தராசு வழியாக வண்டியோடு இணைப்போம். ஒரு தடவை சட்டென்று நிறுத்தி, மறுதடவை 2 நொடி எடுத்து நிறுத்தி, முள் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று ஒவ்வொரு பிள்ளையும் பார்க்க வேண்டும். அதே வாரத்தில், அடிபட்டுக் கிடப்பவரை எப்படித் தொட வேண்டும், எப்போது தொடவே கூடாது என்பதையும் கற்றுக்கொள்ள வேண்டும். அந்த வகுப்பை நீங்கள் எடுத்தால்தான் சரியாக இருக்கும். இரவுப் பணி முடிந்து உங்களுக்கு ஓய்வு கிடைக்கும் நாளைச் சொல்லுங்கள், கால அட்டவணையை அதற்கேற்ப மாற்றிக்கொள்கிறோம்.

நன்றியுடன்,
இயற்பியல் ஆசிரியர்கள்