ராயல்டி பதிவு பத்தி, பாட்டு எழுதுறவங்க ட்யூன் போடுறவங்க எல்லாரும் படிங்க

வணக்கம் நண்பர்களே, "பாட்டோட உரிமையை கம்பெனிக்கு எழுதிக் குடுத்தாச்சு, இனி நமக்கு என்ன வரப்போகுது"ன்னு குரூப்ல சிலர் கேட்டிருந்தீங்க. ராயல்டி, அதாவது பாட்டு ஓடுறதுக்கான பங்குப் பணம், வரும்ங்க. 2012-ல காப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்தைத் திருத்துனாங்கல்ல, அதுபடி சினிமாப் பாட்டாவே இருந்தாலும் தியேட்டர்ல படத்தோட ஓடுறது தவிர ரேடியோ, டிவி, ஹோட்டல், கச்சேரின்னு வேற எங்க ஓடினாலும் எழுதினவருக்கும் இசையமைச்சவருக்கும் ராயல்டில கம்பெனிக்குச் சமமா பங்கு உண்டு, அதை வாரிசுக்கோ காப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேற யாருக்கும் எழுதிக் குடுக்க முடியாது, குடுத்தாலும் செல்லாது. எனக்கு இந்தச் சட்டத்துலயே ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான்.

இதை வசூல் பண்ணிப் பிரிச்சுத் தர்ற காப்புரிமைச் சங்கம் ஐபிஆர்எஸ் (இந்தியன் பெர்ஃபார்மிங் ரைட் சொசைட்டி), 1969-லேர்ந்து இருக்கு. பாடுறவங்களுக்குத் தனிச் சங்கம், இஸ்ரான்னு (ISRA) ஆரம்பிச்சு இப்ப பேரு இஸாம்ரா (ISAMRA).

ஐபிஆர்எஸ்ல மெம்பர் ஆயிட்டா மட்டும் பத்தாது, ஒவ்வொரு பாட்டையும் பதியணும். ரெண்டு பேர் சேந்து எழுதியிருந்தா யாருக்கு எத்தனை சதவீதம்னு ரெக்கார்டிங் அன்னிக்கே ஒரு பேப்பர்ல எழுதி கையெழுத்துப் போட்டுக்கோங்க, பேரை எல்லா எடத்துலயும் ஒரே ஸ்பெல்லிங்ல குடுங்க, இனிஷியல் முன்ன பின்ன மாறினாகூட பாட்டு உங்களோடதுன்னு மேட்ச் ஆகாம பணம் அப்படியே கெடக்கும்.

எழுதினவர் காலமான பிறகும் 60 வருஷம் உரிமை இருக்கு, அதனால நம்ம மூத்த கவிஞர்கள் வீட்டுக்காரங்களுக்கும் இதை ஃபார்வர்டு பண்ணுங்க. ஃபார்ம் நிரப்பத் தெரியலன்னா தனியா மெசேஜ் போடுங்க, ஒக்காந்து சேந்தே நிரப்பிடலாம்.