மலை ஏறப் போற உன் பையனுக்கும் சேத்து

டேய் குமாரு,

இன்னா மச்சி எப்டி கீற. பதில் போட லேட் ஆயிடிச்சி, திட்டாத. இங்க எல்லாம் நல்லா கீறாங்கோ, பெரியவளுக்கு வரன் பாத்துகினு கீறோம், காசிமேட்டுல மீன் வரத்து சுமார்தான், வெலைய கேட்டா நாமளே விக்குறோமான்னு டவுட்டா கீது.

உன் பையன் ஜகார்த்தா ஆபீஸ் பசங்களோட எரிமலை ஏறப் போறான்னு சொன்ன இல்ல, அதுலேர்ந்து ராத்திரில ஒக்காந்து அதப் பத்தியே படிச்சிகினு கீறேன். எரிமலைன்னா நமக்கு செவப்பா ஒழுகிகினு வர்ற அந்த கொழம்புதான் ஞாபகம் வரும், ஆனா அது பெரும்பாலும் மெதுவாதான் வரும், ஒதுங்கிக்கலாம். ஆள காலி பண்றது வேற. சூடான கேஸ், சாம்பல், கல்லு எல்லாம் ஒண்ணா சேந்து மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல சரிவுல எறங்கும், பைக்க முறுக்குனாலும் தப்ப முடியாது. 1902ல மார்ட்டினிக் தீவுல செயின்ட் பியர் ஊரு இப்டிதான் சில நிமிசத்துல போச்சு, சுமார் 28,000 பேரு.

அப்புறம் சாம்பல். நம்ம மொட்டமாடில துணி காயப்போட்டா படியுமே அனல்மின் சாம்பல், அத மாரி லேசு இல்ல இது, பாறையும் கண்ணாடியும் பொடியானது, மழைல நனைஞ்சா கூரையே தாங்காது. 1991 ஜூன் 15 பிலிப்பைன்ஸ்ல பினடுபோ வெடிச்ச அன்னிக்கே புயலும் வந்துச்சி, செத்தவங்கள்ல நெறைய பேரு கூரை இடிஞ்சி செத்தவங்கதான். ஆனா அங்க பெரிய விசயம் இன்னான்னா, நாட்டு விஞ்ஞானிங்களும் அமெரிக்காகாரங்களும் சேந்து முன்னாடியே சொல்லி, எரிமலை எப்டி கொல்லும்னு வீடியோ போட்டு காமிச்சி, ஆயிரக்கணக்குல ஜனத்த நகத்திட்டாங்க, கொறஞ்சது 5,000 உயிரு பொழச்சிச்சி.

கொலம்பியாவுல தலைகீழ். 1985 நவம்பர் 13, நெவாடோ டெல் ரூயிஸ்னு பனி மூடுன மலை, வெடிச்சது சின்னதுதான், ஆனா பனி உருகி சேறா மாறி ஆத்து வழியா ஆர்மேரோ ஊருக்கு வந்துச்சி. மலைலேர்ந்து ஊருக்கு வர ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சு மச்சி! எங்க சேறு வரும்னு மேப் ஒரு மாசம் முன்னாடியே ரெடி. மேட்டுக்கு ஏறுங்கன்னு ஜனத்துக்கு ஒழுங்கா சொல்ல ஆளில்ல, சுமார் 23,000 பேரு போய்ட்டாங்க. இத படிச்சி எனக்கு தூக்கமே வரல, கோவம்தான். மேப் போட்டவன் ஒரு பக்கம், முடிவெடுக்குறவன் ஒரு பக்கம், நடுவுல ஜனம்.

சொன்னாலும் ஜனம் போவணும் இல்ல, அது வேற கத. 2010ல இந்தோனேசியா ஜாவா தீவுல மெராபி எரிமலை வெடிச்சப்போ, கேம்ப்புக்கு போனவங்க மாட்டுக்கு தீனி போட திரும்ப மேல போனாங்க. நம்மாளு புயல் எச்சரிக்கைல படக வுட்டு வர மாட்டேன்னு நிக்கல? மாடு போச்சுன்னா சோறு போச்சு, அவன முட்டாள்னு சொல்ல எனக்கு வாய் வரல, மாட்டுக்கும் சேத்து எடம் குடுத்தாதான் அவன் எறங்குவான்.

இப்போ உன் பையன் மேட்டர். 2023 டிசம்பர்ல சுமத்ரால மராபி மலை (பேரு மாரியே கீது, ஆனா இது வேற மலை) திடீர்னு வெடிச்சி, ஏறிகினு இருந்தவங்கள்ல 24 பேரு செத்தாங்க. அப்போ அது நாலு எச்சரிக்கை லெவல்ல ரெண்டாவதுலதான் இருந்துச்சி, எரிமலை வாய்லேர்ந்து மூணு கிலோமீட்டர் தள்ளி இருன்னும் சொல்லி இருந்தாங்கோ. அதனால லெவல் கம்மின்னு கைடு சொன்னான்னு போவ வேணாம். மாக்மா இந்தோனேசியான்னு அரசாங்க ஆப் கீது, அத போன்ல ஏத்திகினு, எத்தினி கிலோமீட்டர்னு போட்டிருக்கோ அதுக்கு வெளியவே நின்னு போட்டோ எடுத்துக்க சொல்லு. ஆத்தோரமா டென்ட் போட வேணாம்.

நீ சொன்னா கேக்க மாட்டான், என் நம்பர குடு, நான் பேசிக்கிறேன். நீ பொங்கலுக்கு வர்றியா இல்லியா, அத மொதல்ல சொல்லு.

உன்
சேகரு