குண்டமும் ஒரு ஸ்டெபிலைசரும்

அன்புள்ள கண்ணு,

பொங்கலுக்கு வந்தபோது நீ டேப்லெட்டில் ஏற்றிவிட்டுப் போன 'மொபைல் சூட் குண்டம்' என்ற ஜப்பான் கார்ட்டூன் தொடரின் 43 பகுதியையும் பார்த்து முடித்துவிட்டேன். பெயரைப் பார்த்ததும் பண்ணாரி கோயில் தீமிதிக் குண்டம்தான் ஞாபகம் வந்தது. இந்த வயசில் பொம்மைப் படமா என்று அம்மா சிரித்தாள். ஒன்பதாவது பகுதியிலிருந்து அவளும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது வேறு கதை.

1979-ல் வந்ததாம், படம் ஆங்காங்கே கோணல்மாணல்தான். பொம்மை விற்பதற்காக எடுத்த தொடர், விற்பனை படுத்ததும் 52 பகுதியை 43-ல் சுருட்டிவிட்டார்கள் என்று நீ சொன்னாய். அதற்குள்ளேயே இயக்குநர் தொமினோ எவ்வளவு சொல்லிவிட்டார்! பூமியில் ஜனம் பெருத்ததும் சாதாரண ஆட்களை விண்வெளிக் குடியிருப்புகளுக்கு ஏற்றிவிட்டு, அதிகாரம் உள்ளவர்கள் கீழேயே இருந்துகொள்கிறார்கள். மேலே போனவர்களுக்கு வரும் கோபம் நியாயமானது. அதை அங்கே ஆட்சியில் இருக்கும் ஸாபி குடும்பம் பிடித்துக்கொண்டு பூமியோடு போரைத் தொடங்குகிறது. ஒரு மாதத்துச் சொச்சத்தில் மனிதர்களில் பாதிப்பேர் போய்விடுகிறார்கள். பெரிய மகன் கிரென் ஆள் பிடிக்கப் பேசுவதைக் கேட்கும்போது, குறை உண்மையாக இருப்பதுதான் அவனுக்கு வசதி என்று தோன்றியது.

அம்மாவுக்குப் பிடித்தது மிஹாரு. பெல்ஃபாஸ்டில் தம்பி தங்கைக்குச் சோறு போட வேவு பார்க்கிற பெண். அவள் செத்த அன்று அம்மா சாப்பிடாமல் படுத்துவிட்டாள். விண்கப்பலை ஓட்டுகிற மிராய் என்ற பெண்ணைப் பார்த்து எனக்குச் சந்தோஷம். லாலாவிடம்தான் மனசு ஒப்பவில்லை. நெற்றியில் பொட்டோடு நம்ம ஊர்ப் பிள்ளை மாதிரி ஒருத்தியைக் கொண்டுவந்து, இரண்டு ஆண்களின் சண்டைக்கு நடுவில் சாகவிட்டு, அப்புறம் அவர்கள் இருவரும் அவளை நினைத்து உருகுகிறார்கள். அவளுக்கு என்ன வேண்டும் என்று யாராவது கேட்டார்களா?

சரி, நான் எழுத உட்கார்ந்தது, குண்டம் என்கிற ராட்சத ரோபோவை ஓட்டுகிற பையன் அமுரோவைப் பற்றி. கப்பல் தலைவன் ப்ரைட், அவனுக்கே வயது 19, இவனை அறைகிறான். "எங்க அப்பாகூட என்னை அடிச்சதில்லை" என்று பையன் கத்துகிறான். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த அப்பா குண்டத்தைச் செய்த இன்ஜினியர், எந்நேரமும் வேலை. அடிக்கவாவது வீட்டில் இருந்தால்தானே? நானும் வைண்டிங் கடையிலேயே கிடந்தவன்தான்.

33-வது பகுதியை இரண்டு தடவை பார்த்தேன். விண்வெளியில் தூக்கி வீசப்பட்டு, ஆக்சிஜன் கிடைக்காமல் மூளை கலங்கிப்போன அந்த அப்பாவை அமுரோ தெருவில் கண்டுபிடிக்கிறான். அவர் அறைக்குக் கூட்டிப் போய், இதைப் பொருத்து, குண்டம் எங்கேயோ போய்விடும் என்று ஒரு பாகத்தைக் கையில் கொடுக்கிறார். முகமெல்லாம் பெருமை. அது எப்போதோ காலாவதியான சரக்கு. பையன் வாங்கிக்கொள்கிறான். வெளியே வந்து தரையில் வீசி எறிந்துவிட்டு ஓடுகிறான்.

நீ பெங்களூரில் வீடு எடுத்தபோது ஃப்ரிட்ஜுக்கென்று நான் கையால் சுற்றிய ஸ்டெபிலைசரை பஸ்ஸில் போட்டு அனுப்பினேன், ஞாபகம் இருக்கிறதா? அந்த ஃப்ரிட்ஜுக்கு ஸ்டெபிலைசரே தேவையில்லை என்று நீ சொல்லவில்லை. "நல்லா ஓடுதுப்பா" என்றாய். போன தடவை நான் அங்கே வந்தபோது அதன்மேல் மணி பிளான்ட் தொட்டி இருந்தது. வயரைச் சுற்றி நான் போட்டுவிட்ட ரப்பர் பேண்ட்கூட அப்படியே இருந்தது. உன்னிடம் அப்போது கேட்கவில்லை.

இருக்கட்டும், செடிக்கு உயரம் சரியாகத்தான் இருக்கிறது. எப்போதாவது காயலான் கடைக்குப் போடுவதானால் மட்டும் சும்மா கொடுத்துவிடாதே. உள்ளே இருப்பது சுத்தமான செம்பு, எடை போட்டு வாங்கு.

அன்புடன்,
அப்பா