பழைய துப்பாக்கியைப் புதுசாக்கச் சொன்னது யார்?

அனுப்புநர்
தங்கள் வாடிக்கையாளர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.

பெறுநர்
மேலாளர்,
துப்பாக்கி விற்பனை மற்றும் பழுதுபார்ப்பு நிறுவனம்,
கோயம்புத்தூர்.

பொருள்: சொல்லாத வேலையைச் செய்து துப்பாக்கியைக் கெடுத்தது தொடர்பாக.

ஐயா,

வணக்கம். தங்களிடம் பழுதுபார்க்கக் கொடுத்த எங்கள் 12 போர் (குழல் விட்ட அளவு) இரட்டைக்குழல் துப்பாக்கி சென்ற வாரம் கைக்கு வந்தது. பர்மிங்ஹாமில் டபிள்யூ. டபிள்யூ. கிரீனர் கம்பெனி செய்தது. எஸ்டேட்டில் கணக்கப்பிள்ளையாக இருந்த என் தாத்தா, சீமைக்குத் திரும்பிய துரையிடம் முறைப்படி வாங்கியது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்ற பேச்சே இல்லை. தாத்தா கைபட்ட பொருள் என்றுதான் லைசென்ஸைப் புதுப்பித்துப் புதுப்பித்து வைத்திருக்கிறோம்.

நான் கேட்டது இரண்டே வேலை. வலக்குழல் அடிக்கவில்லை, ஸ்பிரிங் மாற்ற வேண்டும். மூட்டில் குழல் லேசாக ஆடுவதைச் சரிசெய்ய வேண்டும். "மேல்பூச்சு, சித்திர வேலை, கட்டை எதையும் தொடக்கூடாது" என்று ஜாப் கார்டில் உங்கள் ஆளே எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார். நகல் இணைத்திருக்கிறேன்.

ஸ்பிரிங் வேலையில் குறை இல்லை, ஆட்டமும் நின்றுவிட்டது. ஆனால் பெட்டியைத் திறந்ததும் இது நம் துப்பாக்கிதானா என்று சந்தேகம் வந்துவிட்டது. பக்கத் தகட்டில் மயிரிழைபோல் வெட்டியிருந்த கொடிவேலையைப் பஃபிங் சக்கரம் தின்றுவிட்டது. விளிம்புகள் மழுங்கிவிட்டன. திருகுகளின் வெட்டுகள் எல்லாம் குழலின் போக்கிலேயே ஒரே வரிசையில் நிற்கும், அந்தக் காலத்து மேஸ்திரியின் கர்வம் அது. இப்போது ஆளுக்கொரு பக்கம் பார்க்கின்றன, இரண்டின் தலை பிய்ந்தே போயிருக்கிறது.

அடுத்தது குழல். பழைய இரட்டைக்குழலில் இரு குழல்களுக்கும் நடுவே ஓடும் நடுப்பட்டையை ஈயப்பற்று வைத்துத்தான் ஒட்டியிருப்பார்கள். அதைக் கொதிக்கும் காரக் கரைசலில் முக்கிக் கறுப்பேற்றினால் பற்று அரிக்கப்படும். மெதுவாகத் துருவேற்றித் தேய்த்துக் கறுப்பாக்குவதுதான் இதற்குரிய முறை. இது துப்பாக்கிக் கடைக்குத் தெரியாதா? குழலை மட்டும் கழற்றி, கொக்கியில் தொங்கவிட்டு, விரலால் தட்டினால் முன்பு மணிபோல் கணீரென்று கேட்கும். இப்போது கரகரவென்று அதிர்கிறது. பட்டை ஓரத்தில் வெள்ளையாக உப்பு வேறு பூக்கிறது. எங்கள் ஊரின் ஐப்பசி மழையும் மூடுபனியும் சேர்ந்தால் உள்ளே துரு எவ்வளவு தூரம் ஓடும் என்று எனக்கே பயமாக இருக்கிறது.

வால்நட் கட்டைக்கு வருஷா வருஷம் ஆளிவிதை எண்ணெய் தேய்த்து வந்தோம். அதைச் சுரண்டிவிட்டுக் கட்டில் கால் மாதிரி வார்னிஷ் அடித்திருக்கிறீர்கள். பிடியில் வெட்டிய கட்டக்கோடுகளுக்குள் வார்னிஷ் தேங்கி, கை வழுக்குகிறது.

இதையெல்லாம்கூட அழகு சம்பந்தப்பட்டது என்று நீங்கள் தள்ளிவிடலாம். நம்பர் விஷயத்தை அப்படித் தள்ள முடியாது. குழலின் அடித்தட்டையில் கிரீடமும் எழுத்துமாக இருந்த பர்மிங்ஹாம் சோதனை முத்திரைகள் பாதி அழிந்துவிட்டன. சீரியல் நம்பரில் கடைசி இலக்கம் 3-ஆ 8-ஆ என்று லென்ஸ் வைத்துப் பார்த்தாலும் தெரியவில்லை. ஆயுதச் சட்டம் 1959, பிரிவு 8 அடையாள எண்ணை அழிப்பதைத் தடை செய்கிறது. அப்படிப்பட்ட துப்பாக்கி யார் கையில் இருக்கிறதோ அவர்மேல்தான் முதலில் சந்தேகம் விழும். தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். ஏட்டய்யா லைசென்ஸைப் பிரித்து நம்பரை ஒத்துப் பார்க்கும்போது நான் என்ன பதில் சொல்வது?

போனில் கேட்டதற்கு, "சார், ஷோரூம் பீஸ் மாதிரி ஆக்கிக் கொடுத்திருக்கோம், பாலிஷுக்குக் காசுகூட வாங்கலை" என்றார் உங்கள் மேஸ்திரி. கூடவே, இனி 70 மி.மீ. தோட்டாவே போடலாம் என்றும் சொன்னார். எங்கள் துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறை 65 மி.மீ. தோட்டாவுக்கானது. 70 மி.மீ. தோட்டாவும் உள்ளே போய்விடும், ஆனால் வெடிக்கும்போது தோட்டாவின் மடித்த வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். இந்த யோசனையைத் தயவுசெய்து வேறு யாருக்கும் சொல்லாமல் இருக்கச் சொல்லுங்கள்.

துப்பாக்கி உங்களிடம் வந்தபோது முழு நம்பர் தெளிவாக இருந்தது என்றும், உங்கள் பட்டறையில்தான் தேய்ந்தது என்றும், வரவுப் பதிவேட்டில் உள்ள எண்ணைக் குறிப்பிட்டு லெட்டர்ஹெட்டில் எழுதித் தர வேண்டும். அதை வைத்துத்தான் கலெக்டர் அலுவலகத்தில் நான் மனு கொடுக்க முடியும், ஆகவே இது முதலில் வேண்டும். நடுப்பட்டையை மறுபடி பற்றவைக்க இந்த வேலை தெரிந்த வேறொருவரிடம் கொடுக்கப்போகிறேன், அந்தச் செலவு உங்களுடையது. வாங்கிய கூலியில் ஸ்பிரிங், மூட்டு வேலைக்கானது போக மீதியைத் திருப்பித் தாருங்கள். வார்னிஷை எடுக்க உங்கள் ஆள் வர வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன்.

15 நாளில் பதில் இல்லையென்றால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி உதகையில் உள்ள மாவட்ட ஆணையத்தில் வழக்குப் போடுவேன். நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போட அந்தச் சட்டம் இடம் தருகிறது, மலையேறி வர வேண்டியது நீங்கள்தான்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ஜாப் கார்டு நகல், ரசீது நகல், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த புகைப்படங்கள்.