ஆண்டறிக்கை: ஸ்கேல் பிடிக்கும் சோதனையும் இந்த ஆண்டின் செய்முறைப் பயிற்சிகளும்

பேரவைத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நம் அறிவியல் மன்றத்தின் வானோக்கலும் நீர்ப் பரிசோதனையும் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வைப்பார். இந்த அறிக்கையில் விரிவாகச் சொல்ல வேண்டியது, பள்ளிகளில் நடத்திய எதிர்வினை நேரச் சோதனையைப் பற்றித்தான்; அதாவது, ஒன்றைக் கண்டதும் கை இயங்க ஆகும் நேரத்தை அளப்பது.

ஒருவர் ஸ்கேலை மேல்முனையில் பிடித்துத் தொங்கவிடுகிறார். மற்றவர் கீழ்முனையில் உள்ள சுழிக்குறியின் (0 கோட்டின்) இரு பக்கமும் விரல்களை வைத்துக்கொண்டு, ஸ்கேல் விழத் தொடங்கியதும் பிடிக்கிறார். விழுந்த தொலைவைச் சென்டிமீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 0.0452 ஆல் பெருக்கினால் நேரம் நொடியில் வரும். 20 செ.மீ. விழுந்தால் 0.202 நொடி.

எட்டாம் வகுப்புக்கு வர்க்கமூலம் வேண்டியதில்லை. ஸ்கேலின் பின்பக்கம் காகிதப் பட்டை ஒட்டி, 4.9 செ.மீ.யில் 0.10, 9.6இல் 0.14, 15.9இல் 0.18, 19.6இல் 0.20, 28.2இல் 0.24 என நேரத்தையே குறித்துவிடலாம். கோடுகள் கீழே போகப்போக விலகுவதைப் பார்த்தாலே முடுக்கம் புரிந்துவிடுகிறது. பயிற்சிப் பட்டறையில் நன்றாக எடுபட்டது இதுதான்.

வாய்பாட்டில் யாருக்கும் சிக்கல் இல்லை. பிடிப்பவரின் கைதான் சிக்கல். அந்தரத்தில் நீட்டிய கை ஸ்கேலைத் துரத்திக்கொண்டு கீழே இறங்கும். இறங்கிய அளவுக்கு அளவீடு குறைந்து, நேரமும் குறைவாகத் தெரியும். முன்கையை மேசைமேல் வைத்து, மணிக்கட்டுக்கு அப்பால் மட்டும் விளிம்புக்கு வெளியே நீட்டச் சொன்னதும் இது நின்றது. விரல் இடைவெளியும் எல்லோருக்கும் ஒன்றாக, 2 செ.மீ. அளவில் இருக்க வேண்டும். அகலமாக விரித்தால் விரல் மூடும் நேரமும் கணக்கில் ஏறிவிடும். சுழிக்குறியைக் கட்டைவிரலின் மேல்விளிம்புக்கு நேராக வைத்தால் படிப்பதும் அதே விளிம்பில்தான். தொடக்கத்தில் விரல் நடு, முடிவில் மேல்விளிம்பு என்று மாறினால் ஒவ்வோர் அளவிலும் ஒரே பிழை ஒட்டிக்கொள்ளும். எத்தனை முறை சராசரி எடுத்தாலும் போகாது.

விடுபவரும் தவறுவார். ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்று எண்ணிவிட்டு விட்டால் மாணவர் தாளத்துக்குப் பிடிப்பார், ஸ்கேலுக்கு அல்ல. ஆகவே ஒன்று முதல் ஐந்து நொடிக்குள் ஒழுங்கில்லாத இடைவெளியில் விட வேண்டும். 5 செ.மீ.க்குள் பிடித்தால் ஊகம் என்று தள்ளிவிடலாம். தடகளப் போட்டிகளில் துப்பாக்கி ஒலித்து 0.1 நொடிக்குள் கிளம்பினால் தவறான தொடக்கம் என்கிறார்கள்; 5 செ.மீ.யும் அந்த நேரம்தான்.

30 செ.மீ. ஸ்கேல் 0.247 நொடிவரைதான் அளக்கும். சின்னப் பிள்ளைகள் பிடிக்காமல் விடுகிறார்கள். அவற்றை விட்டுவிட்டுச் சராசரி போட்டால் வகுப்பே சுறுசுறுப்பானதாகத் தெரியும். அரைமீட்டர் ஸ்கேலில் 0.319 நொடிவரை கிடைக்கும்.

கண்ணை மூடிக்கொண்டு ‘விடு’ என்ற குரலுக்குப் பிடிக்கும் போட்டியைக் கைவிட்டோம். ஒலிக்கான எதிர்வினை ஒளியைவிடச் சில நூறில் ஒரு பங்கு நொடியே விரைவு. வாயும் விரலும் அந்த அளவுக்கு ஒத்து இயங்கும் என்று நம்ப முடியாது. செல்போன் செயலிகளில் திரையின் தாமதமும் சேர்வதால், அந்த எண்களை ஸ்கேல் எண்களோடு ஒப்பிடவில்லை.

மேல்நிலை மாணவர்களுக்கு இதைத் தனி ஊசலோடு இணைத்தோம். நிறுத்துக்கடிகாரத்தைத் தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் ஒரே தாமதம் என்றால் கழிந்துவிடும். மிஞ்சுவது அதன் ஏற்ற இறக்கம். அது 0.1 நொடி என்று வைத்தால், 2 நொடி ஊசலில் ஒரே அலைவை அளந்து கணக்கிடும் ஈர்ப்பு முடுக்கத்தில் 10 சதவீதம் பிழை வரும். 20 அலைவுகளுக்கு அளந்தால் அரை சதவீதம்தான். ‘ஏன் சார் இருபது?’ என்ற கேள்விக்கு இனி ‘நோட்டில் அப்படித்தான் இருக்கு’ என்று சொல்ல வேண்டியதில்லை.

வரும் ஆண்டுக்கு அரைமீட்டர் மர ஸ்கேல்கள் வாங்கவும், நேரப் பட்டையை அச்சிட்டுப் பள்ளிகளுக்குக் கொடுக்கவும் செயற்குழு பரிந்துரைத்துள்ளது. பட்டையை அச்சிடும்போது பக்க அளவை 100 சதவீதத்தில் வைக்க வேண்டும். தாளுக்குப் பொருத்தும்படி சுருக்கினால் எல்லாக் கோடுகளும் தப்பாகிவிடும். இவ்விரண்டுக்கும் பேரவையின் ஒப்புதலைக் கோருகிறேன்.

செயலாளர்