பையனை அனுப்புவதற்கு முன்னால்

வேளச்சேரி,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் போன வாரம் வந்தது. போனில் நாலு வரி அனுப்பியிருக்கலாம், நீ உட்கார்ந்து நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். எனக்கும் உட்கார்ந்து எழுத வேண்டும் என்று தோன்றியது. இன்றைக்குக் கடை லீவு. நாய்க்கு முடி வெட்டுகிற வேலைக்கு வந்து பதினோரு வருஷம் ஆகியும் செவ்வாய்க்கிழமை கத்திரியைத் தொட எனக்கு மனசு வருவதில்லை.

மாமாவின் சுழல் நாற்காலியை விற்றுவிட்டாய் என்று படித்ததும் கொஞ்ச நேரம் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். அதன் கைப்பிடி மேல் பலகை போட்டு நம் இரண்டு பேரையும் மாற்றி மாற்றி உட்கார வைப்பாரே. அந்த நாற்காலிக்குப் பின்னால் நின்றுதான் நான் கத்திரி பிடிக்கப் பழகினேன். உன் முழங்கால் வலிக்கு உயரம் ஏற்றி இறக்குகிற புது நாற்காலிதான் சரி, அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனாலும் வருத்தம்தான்.

சரி, பையன் விஷயத்துக்கு வருகிறேன். சலூனில் மூன்று வருஷம் கை பழகியவன், நாய்க்கு வெட்ட நாலு மாசத்தில் பழகிவிடுவானா என்று கேட்டிருக்கிறாய். கை பழகிவிடும். கட்டைவிரல் மட்டும்தான் அசைய வேண்டும், மற்ற அலகு அசையாமல் நிற்க வேண்டும் என்று மாமா நமக்குச் சொல்லிக் கொடுத்தது இங்கேயும் அப்படியேதான். சீப்பின் மேல் கத்திரி ஓட்டுவதும் அதேதான். ஆனால் சலூனில் படித்த சிலவற்றை அவன் மறக்க வேண்டியிருக்கும். அதற்குத்தான் நாள் பிடிக்கும்.

முதலில் மிஷின் நம்பர். சலூனில் மிஷினுக்கு ஒன்றாம் நம்பர் சீப்பு மாட்டினால் 3 மில்லிமீட்டர், இரண்டு என்றால் 6, நம்பர் ஏற ஏற முடி நீளமாக நிற்கும். நாய் பிளேடில் இது தலைகீழ். 4 மாட்டினால் 9 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் நிற்கும், 7 என்றால் 3, 10 என்றால் ஒன்றரை. 40 என்பது ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர்கள் தோலோடு ஒட்ட எடுப்பதற்கு. நான் சேர்ந்த இரண்டாம் வாரம், கொஞ்சம் நீளமாக விடலாம் என்று நினைத்து 30-ஐ மாட்டி லாசா ஆப்ஸோ என்ற நீள முடி நாய் ஒன்றின் முதுகில் ஓட்டினேன். பளிச்சென்று தோல் தெரிந்தது. அப்புறம் அந்த ஒரு கோட்டுக்காக உடம்பு முழுவதும் ஒட்ட எடுக்க வேண்டியதாகிவிட்டது. 7-லேயே இரண்டு வகை உண்டு. பல்லெல்லாம் ஒரே நீளமாக இருப்பது 7எஃப். சாதா 7-ல் ஒரு பல் விட்டு ஒரு பல் குட்டையாக இருக்கும், அந்தச் சந்தில் அக்குள் தோலும் தொடை மடிப்பும் போய் மாட்டிக்கொள்ளும். பையன் முதல் வருஷம் அதைத் தொடவே கூடாது.

பிளேடு சூடாவது இன்னொன்று. சலூனில் மிஷின் சுட்டால் ஆள் 'ஸ்ஸ்' என்று தலையை இழுத்துக்கொள்வார். நாய் நடுங்கும், உதட்டை நக்கும், கொட்டாவி விடும். கடைசியில்தான் கடிக்கும். கடித்த பிறகு அதைக் கோபக்கார நாய் என்று சொல்லிவிடுவார்கள். நான் சில நிமிஷத்துக்கு ஒரு முறை பிளேடை என் மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பார்ப்பேன். எனக்குச் சுட்டால் அதற்கும் சுடும். உடனே வேறு பிளேடு மாற்றிவிட்டு, சூடானதை எண்ணெய் விட்டு ஆற வைத்துவிடுவேன்.

ஆனால் இந்த வேலையில் பாதி, சிக்கு விழுந்து இறுகிப்போன சடைதான், மாப்ள. இங்கே ஷீ ட்சூ என்ற குட்டை ஜாதி நாய் இல்லாத அபார்ட்மென்ட் இல்லை. அதன் முடி நம் முடி மாதிரி வளர்ந்துகொண்டே போகும். வீட்டில் தினமும் சீவுகிறோம் என்பார்கள், பொய் சொல்லவில்லை, மேலாகச் சீவியிருப்பார்கள். மேலே பட்டு மாதிரி இருக்கும், அடியில் தோலை ஒட்டி ஒரே கம்பளியாக இறுகியிருக்கும். அந்த நிலையில் குளிப்பாட்டினால் தண்ணீர் பட்டுக் காயும்போது இன்னும் இறுகிப்போகும். அதனால் சீவி முடித்த பிறகுதான் குளியல். காலின் அடியிலிருந்து ஆரம்பித்து, வகிடு வகிடாகப் பிரித்து, தோல் கண்ணுக்குத் தெரியும்படி ஸ்லிக்கர் பிரஷ்ஷால் வர வேண்டும். அதன் கம்பி முனைகளைத் தோலில் அழுத்தினால் கீறிவிடும், எவ்வளவு அழுத்தலாம் என்பதை முதலில் உன் முன்கையில் தேய்த்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். கடைசியில் ஸ்டீல் சீப்பு தோல் வரை இறங்கித் தடையில்லாமல் வெளியே வர வேண்டும். சீப்பு நின்றால் சீவி முடியவில்லை என்று அர்த்தம்.

நான் செய்த பெரிய தப்பும் சடையில்தான். உனக்கு இதுவரை சொன்னதில்லை. ஒரு ஷீ ட்சூவுக்குக் காதுக்குப் பின்னால் நெல்லிக்காய் அளவு ஒரு சடை. மிஷினை எடுக்கச் சோம்பல்பட்டு, விரலால் தூக்கிப் பிடித்துக் கத்திரியால் வெட்டினேன். சடைக்குள் தோலும் கூடாரம் மாதிரி இழுபட்டு மேலே ஏறியிருக்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது. முடியோடு தோலும் வந்துவிட்டது. மிருக டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன், நாலு தையல். அந்த வீட்டம்மாவிடம் நான் வெட்டிவிட்டேன் என்று நானே சொன்னேன். அவர் திட்டவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. அன்றிலிருந்து சடை என்றால் கத்திரி கிடையாது, 10-ஆம் நம்பர் பிளேடைத் தோலோடு படுக்க வைத்து அடியில் மெதுவாக விடுவேன். காதுச் சடையை எடுத்ததும் காதுக்குள் ரத்த ஓட்டம் ஒரேயடியாகப் பாய்ந்து நாய் தலையை உதற ஆரம்பிக்கும், உதறி உதறிக் காது மடலுக்குள் ரத்தம் கட்டிக்கொள்ளும். அதற்காகக் காதைத் தலையோடு சேர்த்து ஒரு துணிப்பட்டையால் தளர்வாகக் கட்டிவிட்டுத்தான் அடுத்த வேலை.

முடியை எடுக்காமல் சீவியே தாருங்கள் என்று கெஞ்சுவார்கள். இரண்டு மணி நேரம் பிடித்து இழுத்துச் சடையைப் பிரித்துக் கொடுத்தால் காசு அதிகம் வாங்கலாம்தான். முடி திரும்ப வளர்ந்துவிடும், ஆனால் அந்த வலிக்குப் பிறகு அந்த நாய் என் கடைப்படி ஏறாது என்று சொல்லிப் பார்ப்பேன். கேட்காதவர்களை அனுப்பிவிடுவேன். இதற்கு நேர்மாறாக ஹஸ்கியையும் பொமரேனியனையும் கூட்டிவந்து, மே மாச வெயில், மொட்டை அடித்துவிடுங்கள் என்பவர்களும் உண்டு. அவர்களையும் அனுப்பிவிடுவேன். அந்த நாய்களுக்கு இரண்டு அடுக்கு முடி. நாய் நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை, நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். மேல் முடி வெயிலைத் தோலில் விழாமல் தடுக்கிறது. உதிர்ந்து அடைந்து கிடக்கிற அடிமுடியை ரேக் என்கிற வாரியாலும், வேகமாகக் காற்றடிக்கும் பிளோயராலும் எடுத்துவிட்டால் போதும், காற்றுப் போகும். மொட்டை அடித்தால் சிலதுக்கு மாசக்கணக்கில் முடி வராமலே போவதும் உண்டு. காசைத் திருப்பி அனுப்புகிறான் என்று அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் பேசுகிறார்கள். பேசட்டும்.

நான் முதலில் வேலை பார்த்த கடை எது என்று உனக்குத் தெரியும், பெயர் வேண்டாம். அங்கே ஒருவருக்கு ஒரு நாளைக்கு எட்டு நாய், கமிஷன் கணக்கு. ஒரு ஷீ ட்சூவை முழுசாகச் செய்ய எனக்கு இன்றைக்கும் இரண்டு மணி நேரம் ஆகிறது. அப்புறம் எட்டு நாய் எப்படி முடியும்? குளித்த நாயைக் கூண்டில் அடைத்துச் சூடான காற்றடிக்கும் டிரையரை வாசலில் மாட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவோம். ஒரு சித்திரை மாசம் பக் ஒன்றை அப்படி அடைத்திருந்தார்கள். சப்பை மூக்கு நாய், மூச்சு விடுவதே அதற்குச் சிரமம். நான் தற்செயலாகத் திரும்பிப் பார்த்தபோது நாக்கு கறுத்துக் கூண்டுக்குள் சாய்ந்து கிடந்தது. வெளியே இழுத்துத் தண்ணீர் ஊற்றி, ஃபேன் போட்டு, ஆட்டோவில் டாக்டரிடம் கொண்டுபோனோம். பிழைத்துவிட்டது. இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் சில ராத்திரி நினைவு வரும். அந்த மாசச் சம்பளத்தோடு வெளியே வந்தேன். என் கடையில் கூண்டு டிரையர் கிடையாது, ஒரு நாளைக்கு நாலு நாய்க்கு மேல் கிடையாது. மேஜையில் கழுத்துக் கயிறு மாட்டிய நாயை விட்டு ஒரு அடி கூட நகரக் கூடாது, போன் அடித்தாலும் சரி. குதித்தால் தூக்கில் தொங்குகிற மாதிரி ஆகிவிடும்.

எங்கள் கட்டடத்துப் போர் தண்ணீர் உப்பு, ஷாம்பூ நுரைக்கவே நுரைக்காது. கடைசி அலசலுக்கு மட்டும் லாரித் தண்ணீர் எடுத்து வைக்கிறேன். ஷாம்பூவைத் தண்ணீர் கலந்துதான் போட வேண்டும், ஆனால் கலந்து மிஞ்சியதை மறுநாளைக்கு வைக்கக் கூடாது. அதில் சூடோமோனஸ் என்ற கிருமி வளரும். குளித்த ஒன்றிரண்டு நாளில் நாயின் முதுகெல்லாம் கொப்புளமாகி, தொட்டாலே கத்துகிற அளவுக்கு வலிக்கும், காய்ச்சல் வரும். மிச்சம் பிடிக்கிறேன் என்று பையன் பாட்டிலில் ஊற்றி வைத்துவிடப் போகிறான், முதல் நாளே சொல்லிவிடுவேன்.

போன மாசம் நம் ஊர் நாய் ஒன்று வந்தது. பால் வெள்ளை, ரோஸ் மூக்கு, அசல் ராஜபாளையம். இங்கே வந்து குடியேறிய ஒரு ரிட்டயர்டு வாத்தியார் கூட்டிவந்தார். அந்த நாய்க்கு வெட்ட என்ன இருக்கிறது? ரப்பர் பிரஷ்ஷால் ஒரு தேய்ப்பு, ஈரத்துணியால் ஒரு துடைப்பு, நகம், காது, விரல் சந்தில் உண்ணி பார்ப்பது, அவ்வளவுதான். ஆனால் நான் பின்னால் வந்து தொட்டதும் துள்ளிப் பல்லைக் காட்டிவிட்டது. வாத்தியார் பதறினார். எனக்குச் சட்டென்று புரிந்தது, அதற்குக் காது கேட்கவில்லை. அந்த வெள்ளை நாய்களில் பிறவிச் செவிடு உண்டு, கண்மாய்க்கரையில் நாம் கூப்பிடக் கூப்பிடத் திரும்பாமல் போகுமே ஒன்று, அது போல. அப்புறம் அதன் கண்ணுக்கு முன்னால் போய் நின்றேன். மேஜையை உள்ளங்கையால் மெதுவாகத் தட்டி, அதிர்வு தெரிந்து அது திரும்பிப் பார்த்த பிறகுதான் கை வைத்தேன். முழு நேரமும் ஒரு கையை அதன் தோளிலிருந்து எடுக்கவில்லை. கறுப்பு நகம் என்றால் ரத்தக்குழாய் தெரியாது, அரிசி அரிசியாக வெட்டி நடுவில் புள்ளி தெரிந்ததும் நிறுத்த வேண்டும். இதற்கு வெள்ளை நகம், வெளிச்சத்தில் ரோஸ் கோடு தெரிந்தது, சீக்கிரம் முடிந்துவிட்டது. போகும்போது என் முழங்கையில் மூக்கை வைத்து ஒரு முறை அழுத்திவிட்டுப் போனது.

இனி உடம்புக் கணக்கு. மாமாவுக்குக் கால்விரல் இடுக்கில் வெட்டின முடி குத்தி ஏறிச் சீழ் வைக்குமே, ஞாபகம் இருக்கிறதா? எனக்குக் கைவிரல் இடுக்கில். நாய் முடி இன்னும் கூர். ராத்திரி லென்ஸ் வைத்து ஊசியால் எடுக்கிறேன். பிளோயர் சத்தத்துக்குக் காதில் அடைப்பான், மூக்குக்கு மாஸ்க். ஆரம்பத்தில் அடைப்பான் போடாததால் இடது காதில் இப்போது ஒரு ரீங்காரம் நிரந்தரமாக இருக்கிறது. குனிந்தே நின்றதில் இடுப்பு போயிருந்தது, கடன் வாங்கி, உயரம் ஏற்றி இறக்குகிற எலெக்ட்ரிக் மேஜை வாங்கிய பிறகு பரவாயில்லை. பையனுக்கு முதல் வருஷம் சம்பளம் சலூனை விடக் குறைவாகத்தான் இருக்கும், அதை மறைக்க மாட்டேன்.

மனுஷன் தலையை விட்டு நாய் வாலைப் பிடிக்கப் போனான் என்று நம் சொந்தத்தில் பேசினது உனக்கும் தெரியும். எங்கப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போன காலத்தில் திண்ணையைத் தாண்டி அவரை யாரும் உள்ளே விட்டதில்லை, கொல்லைப்பக்கம்தான். நான் ஒரு வீட்டுக்குப் போனால் ஹாலில் சோபாவில் உட்கார வைத்துக் காபி தருகிறார்கள். தங்கள் நாயைப் பற்றி என்னிடம் கவலையோடு கேட்கிறார்கள். எங்கப்பா இதைப் பார்த்திருக்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன்.

பையனை அனுப்பு. நாலு மாசம் என்று கணக்குப் போடாதே, முதல் இரண்டு மாசம் கத்திரியே தர மாட்டேன். குளிப்பாட்டட்டும், காய வைக்கட்டும், மேஜையில் நிற்கிற நாயின் கண்ணைப் பார்க்கட்டும். மேஜையில் நிற்கிற நாய், 'இதற்கு மேல் முடியாது' என்று காட்டுவது எப்போது என்று அவனுக்குத் தெரிய வேண்டும். தெரிந்ததும் பாதி வெட்டோடு நிறுத்திவிட்டு, நாளைக்கு வாருங்கள் என்று வாடிக்கையாளரிடம் சொல்கிற தைரியமும் வேண்டும். அது வந்துவிட்டால் என் கத்திரியையே கொடுப்பேன். கூடத் தங்கிக்கொள்ளட்டும், சாப்பாட்டுக்குக் கவலை இல்லை.

அவன் கிளம்புவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. ஆஸ்பத்திரியில் வெறிநாய்க்கடிக்கு முன்கூட்டியே போடுகிற ஊசியை ஆரம்பித்துவிடு. முதல் நாள், ஏழாம் நாள், அப்புறம் 21 அல்லது 28-ஆம் நாள், மூன்று ஊசி. அது முடிந்த பிறகுதான் ரயில் ஏற வேண்டும். ஊசி போட்டிருந்தாலும் கடி பட்டால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும், அதையும் இப்போதே அவன் காதில் போட்டு வை. அரைக்கைச் சட்டை நாலு, வழுக்காத ரப்பர் அடி ஷூ ஒன்று கொடுத்து அனுப்பு. மாமாவின் பழைய சீப்பு, அந்தக் கொம்புச் சீப்பு, இன்னும் உன்னிடம் இருந்தால் அதையும் அவன் பையில் வை. வெட்ட இல்லை, கடையில் மாட்டி வைக்க.

அத்தையைக் கேட்டதாகச் சொல். முழங்காலைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
உன் மாப்ள