நாற்றுக்கு ஊற்றும் பாட்டிலில் என்ன இருக்கிறது?

மரியாதைக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஆடிப்பட்டத்துக்கு விதைத்த கத்தரியும் மிளகாயும் பறித்து நடும் பருவத்துக்கு வந்துவிட்டன. எங்கள் பகுதியில் மாடித்தோட்டம் வைத்திருப்பவர்கள் நர்சரிக்குப் போனால் நாற்றோடு ஒரு பாட்டிலும் வாங்கி வருகிறார்கள். மாற்றி நடும்போது ஊற்றினால் செடி வாடாது, வேர் சீக்கிரம் பிடிக்கும் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். அந்தப் பாட்டில்களைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

எதிர் வீட்டுப் பெண் தக்காளி நாற்றோடு வாங்கியதைக் கொண்டுவந்து காட்டினாள். பழைய தண்ணீர் பாட்டில். உள்ளே கரும்பழுப்பாக ஒரு திரவம். மேலே ஒட்டிய வெள்ளைத் தாளில் ‘வேர் டானிக்’ என்று பேனாவில் எழுதியிருந்தது. எவ்வளவு ஊற்றுவது என்று கேட்டதற்கு, “ஒரு மூடி போதும்மா” என்றாராம் கடைக்காரர். எந்த மூடி, எத்தனை லிட்டர் தண்ணீருக்கு என்பதெல்லாம் கிடையாது. நட்ட நாலாம் நாள், “அக்கா, இலை ஓரமெல்லாம் கருகிப்போச்சு” என்று வந்து நின்றாள்.

மாற்றி நட்ட செடி வாடுவதற்குக் காரணம் சத்துக் குறைவு இல்லை. நாற்றைப் பிடுங்கும்போது கண்ணுக்குச் சரியாகத் தெரியாத வேர்த்தூவிகள் அறுந்துபோகின்றன. தண்ணீரை உறிஞ்சுவது பெரும்பாலும் அவைதான். இலை வழியாக நீர் போய்க்கொண்டே இருக்க, அதற்கு ஈடாக வேரால் எடுத்துக் கொடுக்க முடிவதில்லை. அந்த நேரத்தில் உப்பு அதிகமான உரக்கரைசலை ஊற்றினால், மண்ணில் ஈரம் இருந்தும் வேரால் அதை இழுக்க முடியாது. இலை ஓரம் கருகுவதில்தான் அது முதலில் தெரியும். அவள் செடிக்கும் இதுதான் நடந்தது என்று அடித்துச் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் பாட்டிலில் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது. எனக்குக் கோபமே அதில்தான்.

அச்சடித்த லேபிளோடு வருகிற விலை உயர்ந்த பாட்டில்களையும் கொஞ்சம் யோசித்துத்தான் வாங்க வேண்டும். வைட்டமின் பி1 சேர்த்தது என்று சில வருகின்றன. 1930களில் கலிஃபோர்னியாவில் ஜேம்ஸ் பானர் என்ற ஆய்வாளர், செடியிலிருந்து வெட்டியெடுத்த பட்டாணி வேர்களை ஆய்வகத்தில் வளர்த்தபோது, பி1 கொடுத்தால் வளர்ச்சி தொடர்வதைக் கண்டார். அந்தச் செய்தி அப்படியே தோட்டக் கடைகளுக்குப் போய்விட்டது. ஆனால் முழுச் செடியின் இலையே பி1ஐத் தயாரித்து வேருக்கு அனுப்பிவிடும். பிற்பாடு முழுச் செடிகளில் செய்த சோதனைகளில் பலன் தெரியவில்லை. வேர் ஹார்மோன் பொடியும் அப்படித்தான். ஐபிஏ என்ற வேர்விடத் தூண்டும் ஹார்மோன் கலந்த அந்தப் பொடி செம்பருத்தி, ரோஜாக் குச்சிகளை வேர்விட வைக்க நல்ல உதவி. ஏற்கெனவே வேரோடு இருக்கிற கத்தரி நாற்றுக்கு அதைத் தலையில் கட்டுவது வாங்குபவரின் காசுக்குத்தான் கேடு.

உதவுகிற பொருள்களும் இருக்கின்றன, அதையும் சொல்ல வேண்டும். அசோஸ்பைரில்லம் என்ற நுண்ணுயிர் உரம் 10 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்கி, நாற்றின் வேரைச் சிறிது நேரம் நனைத்து நடுவது வேளாண் பல்கலைக்கழகம் பல காலமாகச் சொல்லிவரும் முறை. பஞ்சகவ்யம் என்றால் லிட்டருக்கு 30 மில்லி, 20 நிமிடம் போதும். வேம் எனப்படும், செடிக்கு உதவுகிற வேர்ப்பூசணத்தை நடும் குழியில் வேரில் படும்படி போட வேண்டும். மண்ணுக்கு மேலே தூவினால் பெரிய பயன் இருக்காது. ஆனால் அசோஸ்பைரில்லமும் வேமும் உயிருள்ளவை. அசோஸ்பைரில்லம் பொடிக்கு ஆயுள் சுமார் ஆறு மாதம். கடை வாசலில் வெயிலில் தொங்கும் பாக்கெட்டைத் தயாரிப்புத் தேதி பார்க்காமல் வாங்கக்கூடாது.

கடற்பாசிச் சாறும் நல்ல பொருள்தான். மண்டபம், பாம்பன் பக்கத்துப் பெண்கள் பாறையில் காலைக் கிழித்துக்கொண்டு எடுத்துவரும் பாசியின் பெயரில் யாரோ சாயத் தண்ணீர் விற்பதை நினைத்தால் மனசு ஆறவில்லை.

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. கடற்பாசிச் சாறு, ஹியூமிக் அமிலம் போன்ற, பயிர் வளர்ச்சியைத் தூண்டும் உயிரூக்கிகள் 2021 பிப்ரவரியில் 1985ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் வந்தன. வளர்ச்சி ஹார்மோன்கள் 1968ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டத்தில் அடங்கும். 2025 ஜூலையில் மத்திய வேளாண் அமைச்சர் சிவராஜ் சிங் சௌகான், ஒரு காலத்தில் சுமார் 30,000 உயிரூக்கிப் பொருள்கள் கேட்பாரற்று விற்கப்பட்டன என்றும், கெடுபிடிக்குப் பிறகு அது 650 அளவுக்குக் குறைந்திருக்கிறது என்றும் சொன்னார். நல்ல செய்திதான். ஆனால் அந்தக் கெடுபிடி ஏக்கர் கணக்கில் பயிர் செய்பவர் வாங்கும் கடைகளோடு நின்றுவிடக்கூடாது. சாலையோர நர்சரியில் பழைய பாட்டிலில் ஊற்றித் தருவதை யார் பார்க்கிறார்கள்? வேளாண் துறை ஆய்வாளர்கள் அங்கேயும் போக வேண்டும். என்ன பொருள், எத்தனை சதவீதம், எந்தத் தேதி என்று அச்சிடாத எதையும் விற்கவிடக்கூடாது.

நர்சரிக்காரர்களிடமும் ஒரு வேண்டுகோள். தக்காளி நாற்றுக்கு 25 நாள், கத்தரிக்கு 30 முதல் 35, மிளகாய்க்கு 40 நாள் வயது சரி. குழித்தட்டிலேயே பூவெடுத்து, வேர் சுருண்டுபோன நாற்றைக் கொடுத்துவிட்டு டானிக் ஊற்றச் சொல்லாதீர்கள். சரியான வயது நாற்றை, முன்கூட்டியே நன்றாக நனைத்து, மண்கட்டி உடையாமல் எடுத்து, வெயில் தாழ்ந்தபின் நட்டு, நாலைந்து நாள் பச்சை வலை நிழலில் வைத்தாலே பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். தொட்டியில் போடுவது புது கோகோபீட்டாக (தென்னை நார்த்தூள்) இருந்தால் இரண்டு மூன்று முறை அலசி உப்பை எடுத்துவிட வேண்டும்.

அப்புறம் தோட்டக்கலைத் துறைக்கு. மானிய விலை மாடித்தோட்டத் தளையில் (விதை, உரமெல்லாம் சேர்ந்த தொகுப்பு) அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா, டிரைக்கோடெர்மா விரிடி என்று உயிருள்ள இடுபொருள்கள் எல்லாம் தருகிறார்கள். தளை கிடைத்தவர்களுக்குக் கவலையில்லை. கிடைக்காதவர்களுக்காக இவற்றை ஐம்பது, நூறு கிராம் சிறு பாக்கெட்டுகளாகப் போட்டு, தேதி அச்சிட்டு, உழவர் சந்தைகளில் நடவுப் பருவத்திலாவது வைக்க வேண்டும். பத்துப் பை வைத்திருப்பவருக்கு அதுவே தாராளம்.

இப்படிக்கு,
மாடித்தோட்ட வாசகி,
தாம்பரம்